திருவிழாக் கொடியில் காற்றுப் பார்த்தவன்

தீவு என்றால் அங்கே எதுவும் வெடிக்காது என்று நம்பினேன். ஐம்பத்தாறு வயதில், ஒரு தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் ஆள் நம்பக்கூடிய விஷயமா இது? நம்பினேன். மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நீலக் கடல், தேன் நிறக் கல்வீடு, வாசலில் ஒரு பூனை. பூனை இப்படி வயிற்றைக் காட்டித் தூங்குகிற ஊரில் என்ன ஆபத்து வந்துவிடும்? ஓய்வு பெற்றதும் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவது என்று அன்றே முடிவு கட்டினேன்.

என் வேலை அப்படி. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவு. மாதம் ஒருமுறை சைரன் ஊதி ஒத்திகை நடத்துவேன். வாயு கசிந்தால் காற்றின் திசை காட்டும் கொடியைப் பார், காற்றுக்குக் குறுக்கே நட, மேட்டில் திறந்த வெளிக்குப் போ, யாரையும் விட்டுவிட்டு வராதே. இத்தனை வருடத்தில் நிஜமாக ஒன்றும் கசியவில்லை. அதனால் என் பயமெல்லாம் செலவாகாமல் உள்ளேயே சேர்ந்துகிடந்தது.

மகள் நர்ஸ். மால்டாவுக்குப் பக்கத்தில், மத்தியதரைக் கடலில் கோஸோ என்று ஒரு சின்னத் தீவு, அங்கே வேலை. ஒரு மாத லீவு போட்டு, மனைவியையும் பழவேற்காட்டுக் கருவாட்டையும் கூட்டிக்கொண்டு ஊரை நோட்டம் பார்க்கப் போனேன். கருவாடு உடனே ஒத்துப்போனது. மனைவி ஒத்துப்போகவில்லை.

"கும்முடிபூண்டில நான் வழுக்கி உழுந்தா தெருவே ஓடியாரும்" என்றாள். "இங்க உழுந்தா பூனைதான் வரும். நாம ஊருக்குப் போறதுக்குள்ள இந்தத் தெருவுல ஒரு ஆளு நம்மள தெரிஞ்சு கூப்பிடட்டும். அப்பறமா பேசு."

நான் விடுவதாக இல்லை. ரொட்டிக் கடையில் சிரித்தேன். பஸ் நிறுத்தத்தில் சிரித்தேன். கண்ணில் பட்ட ஒவ்வொரு ஜன்னலுக்கும் கை காட்டினேன். மரியாதையாகத் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் சக்கர நாற்காலியில் ஒரு கிழவர். அவருக்கும் தினமும் வணக்கம் வைத்தேன். காது சுத்தமாகக் கேட்காது என்று பிறகுதான் தெரிந்தது.

கடைசி வாரம், ஒரு மத்தியானம். மகள் டியூட்டிக்குப் போயிருந்தாள். மனைவி குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு வெடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்து இன்னொன்று, அதற்கும் பெரிதாக. வெளியே எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. வீட்டுக் கூரைகளுக்கு மேல் வெள்ளைப் புகை மிதந்தது.

"எல்லாரும் போய்ட்டாங்கமே, நமக்குத்தான் சொல்லல. அடுப்ப அணை."

"இன்னாய்யா, லீவுலயும் டியூட்டியா? கொழம்பு இன்னும் சுண்டல."

மூன்றாவது வெடி. என் குரல் எனக்கே கேட்காத உயரத்துக்குப் போனது. சேர்ந்துகிடந்த பயம் மொத்தமும் வட்டியோடு வெளியே வந்தது. துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டேன். அவள் மூக்கிலும் கட்டினேன். கட்ட விட்டாளே தவிர, கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பாஸ்போர்ட்டை எடுக்க மறந்து டிவி ரிமோட்டை எடுத்துப் பையில் போட்டேன்.

தெருவில் இறங்கியதும் காற்றைப் பார்த்தேன். பார்ப்பது சுலபமாக இருந்தது, ஒவ்வொரு மாடியிலும் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி. இத்தனை கொடி எதற்கு என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. எந்தப் பக்கம் பறக்கிறது என்று மட்டும் பார்த்தேன். குறுக்கே மேடு இருந்தது. நல்லது.

அப்போதுதான் கிழவர் ஞாபகம் வந்தது. கதவைத் தள்ளினேன், திறந்துகொண்டது. தனியாக உட்கார்ந்திருந்தார். நான் வெளியே கை காட்டி, "போகணும், போகணும்" என்று தமிழிலேயே கத்தினேன். அவருடைய முகம் மலர்ந்தது. இஸ்திரி போட்ட கோட்டை நிதானமாக மாட்டினார். தொப்பியைத் தூசி தட்டி வைத்துக்கொண்டார். சாகப்போகிற நேரத்தில் இவ்வளவு தைரியமா என்று எனக்குக் கண் கலங்கியது.

மேடு ஏறினேன். நாற்காலியையும் அவரையும் தள்ளிக்கொண்டு, மூச்சு இரைக்க, நிற்காமல் ஏறினேன். வழி முழுக்க அவர் திரும்பித் திரும்பிக் கீழே கை காட்டினார். நான் தோளைத் தட்டி, "பயப்படாதீங்க பெரியவரே" என்று தேற்றினேன். உச்சியில் ஒரு காலி வயல். முறைப்படி ஆளை எண்ணினேன். மூன்று பேர், எல்லாரும் உயிரோடு. அப்போது மகளின் போன் வந்தது.

"நைனா, வெடி கேட்டுச்சா? இன்னிக்கு இந்த ஊரு கோயில் திருவிழா. தெருவே அங்கதான் இருக்கும். நீங்களும் போய்ப் பாருங்க."

நான் துண்டை அவிழ்த்தேன். மனைவி கிழவரின் தொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கரண்டியால் கீழே காட்டினாள்.

"அவரு சாமி பாக்கக் கெளம்பிக்கினு வந்தாரு. நீ வயலக் காட்டினு இருக்க. தள்ளுய்யா."

தள்ளினேன். ஏற்றத்தைவிட இறக்கம் மோசம். மாதா கோயில் வாசலில் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. நான் சிரித்துச் சிரித்துப் பழக முயன்ற மொத்தத் தெருவும் அங்கே நின்றது. கிழவரைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழி விட்டது. அவருடைய மகள் ஓடிவந்து, எங்கே கூட்டிப்போனீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். பொய் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை. உள்ளதைச் சொன்னேன், காற்று, கொடி, வயல் எல்லாம். அவள் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவர்கள் பாஷையில் சொன்னாள். அவர்கள் அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். சிரிப்பு கோயில் படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

மறுநாள் ரொட்டிக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் "பூம்" என்றார். பஸ் டிரைவரும் அதையே சொன்னார். எதிர் வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து என் மனைவியைக் கூப்பிட்டு, கரண்டி பத்திரமாக இருக்கிறதா என்று சைகையில் கேட்டாள்.

"இப்ப இன்னா சொல்ற?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுக்கினாங்க" என்றாள். "லூசுன்னு தெரிஞ்சுக்கினாங்க. பரவால்ல. வரேன்."

நான் ஓய்வு பெற்றாயிற்று. அங்கேயே தங்கிவிட முடியவில்லை. எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற விசா மூன்று மாதத்துக்குத்தான். அந்த மூன்று மாதமும் திருவிழாவை ஒட்டியே போகிறோம். மற்ற மாதங்களில் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறோம். கிழவரை வருடா வருடம் கோயிலுக்குத் தள்ளிப்போகிறேன், நேர் வழியாக.