அழகுக்கு வைத்த சுரைக்காய்

வெஸ்ட் வின்ட்சரில் அந்த முட்டுச்சந்தில் எட்டு வீடுகள். இலையுதிர் காலம் வந்துவிட்டது என்பதை மரங்கள் சொல்வதற்கு முன்னால் சுலைகா சொல்லிவிடுவாள். செப்டம்பர் பிறந்ததும் அவள் வீட்டுச் சமையலறை சன்னலில் காய்ந்த சோளக்கதிர் மூன்று தொங்கும். அதைப் பார்த்த பிறகுதான் மற்ற வீட்டுப் பெண்களுக்குத் தங்கள் கராஜில் கிடக்கும் பெட்டிகள் ஞாபகத்துக்கு வரும்.

அவள் பிறந்த பள்ளப்பட்டியில் இப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது. பெருநாளைக்கு முன்னால் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்குவார்கள், அத்தோடு அலங்காரம் முடிந்தது. கல்யாணமாகி பசீர் அகமதுவோடு நியூ ஜெர்சிக்கு வந்தபோது அவளுக்குக் கிடைத்தது வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. கெமிஸ்ட்ரியில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் எத்தனை நாள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? நூலகத்தில் வீட்டு அலங்காரப் பத்திரிகைகளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாள். எந்த மஞ்சள் எந்தப் பழுப்போடு சேரும், மெழுகுவர்த்தி எவ்வளவு உயரம் இருந்தால் எதிரில் உட்காருபவரின் முகம் மறையாது, இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வசந்தாமணி அக்காளை அவள் சந்தித்ததும் ஓர் இலையுதிர் காலத்தில்தான், தொண்ணூற்று நான்கில், இருவரும் அபார்ட்மென்டில் அடுத்தடுத்த கதவாக இருந்தபோது. வசந்தாமணிக்குத் தாராபுரம். பள்ளப்பட்டிக்கும் தாராபுரத்துக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கப் போவதில்லை. இங்கே பார்த்த முதல் நாளே, வாங்க, போங்க என்ற அந்த இழுவையைக் கேட்டு இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. வசந்தாமணி அப்போதே அவளை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

அன்றைக்கு நடந்ததுதான் இந்தக் கதைக்கு வேர். கடையில் குட்டிக்குட்டியாக, வரியும் புள்ளியுமாக, பச்சையும் மஞ்சளுமாகச் சுரைக்காய்கள் கூடை நிறைய இருந்தனவாம். இந்த நாட்டில் பிஞ்சுச் சுரைக்காய் இப்படித்தான் இருக்கும் போல என்று வசந்தாமணி ஆசையாக வாங்கி வந்து, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துக் கூட்டு வைத்துவிட்டாள். அவை மேசையில் அழகுக்கு வைக்கிற காய்கள் என்று அவளுக்கு யார் சொல்வது? சுலைகா முதல் வாய் வைத்ததுமே கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது. வசந்தாமணிக்கு அன்று ஏதோ விரதம், அவள் சாப்பிடவில்லை. எதிரில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சுலைகா நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தட்டைக் காலி செய்தாள். இரண்டு நாள் வாந்தி. கையில் ஊசி குத்தி பாட்டில் ஏற்றும் அளவுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வசந்தாமணி அழுத அழுகையை நர்ஸ் பார்த்துவிட்டு, நீங்கள் அக்கா தங்கையா என்று கேட்டாள். ஆமாம் என்றார்கள் இருவரும்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் ஒரு மூடி போட்ட எவர்சில்வர் போசி போய்வர ஆரம்பித்தது. சுலைகாவின் போசிதான். அதில் பிரியாணி போனால் இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகை வரும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். பாத்திரத்தை வெறுமனே கொடுக்கிற பழக்கம் இரண்டு ஊரிலும் கிடையாது. வீடு வாங்கியபோதுகூட ஒரே சந்தில் இரண்டு வீடு தள்ளி வாங்கினார்கள்.

அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை எட்டு வீட்டுப் பெண்களும் முறைவைத்து ஒரு வீட்டில் மதியம் சாப்பிடுவார்கள். அந்த வீட்டுக்காரி சமையலறையையும் சாப்பாட்டு அறையையும் அலங்கரிக்க வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். நான்கு வருடமாக எந்த வீட்டு முறையானாலும் அலங்காரம் சுலைகா கையில்தான். அவள் கொண்டுபோகும் மஞ்சள் பூசணி அல்வாதான், அவர்கள் ஊர்ப் பேச்சில் அரசாணிக்காய் அல்வா, முதலில் தீரும். முதல் வீட்டு டயான், ஓய்வுபெற்ற டீச்சர், போசியை விரலால் வழித்தே சாப்பிடுவாள். இரண்டாயிரத்து ஒன்று, சுலைகாவின் முறை. ஆகஸ்டிலேயே மேசைக்குக் குறுக்கே போடும் பழுப்புத் துணி வாங்கி, ஓரத்தில் மேப்பிள் இலைகளைத் தானே தைத்து வைத்துவிட்டாள்.

செப்டம்பரில் நடந்தது ஊருக்கே தெரியும். பசீர் அகமதுவுக்கு மன்ஹாட்டனின் தென்கோடியில் ஆபீஸ். அன்று நாள் முழுவதும் போன் இல்லை, தகவல் இல்லை. வசந்தாமணி வந்து சுலைகாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், அவன் ஷூவெல்லாம் சாம்பலோடு வாசலில் வந்து நிற்கும் வரை எழுந்திருக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதையே தேவையில்லை.

அதற்குப் பிறகு, முன்னெல்லாம் கை அசைத்தவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள். தலையை ஆட்டியவர்கள் தபால் பெட்டியில் எதையோ தேடினார்கள். அக்டோபரில் தபாலிலேயே விஷப்பொடி வருகிறது என்று செய்தி வந்ததும், அந்தக் கடிதங்கள் போனது பக்கத்து ஊர்த் தபால் நிலையம் வழியாகத்தானே என்று எல்லோரும் கையுறை போட்டுக் கடிதம் பிரித்தார்கள். முறைச் சாப்பாட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வசந்தாமணி வந்து சுலைகாவின் சமையலறையில் நின்றாள்.

“இந்த வருசம் லன்ச்ச எங்க வீட்ல வெச்சுக்கலாமா கண்ணு? உனக்கு எதுக்கு இந்த நேரத்துல டென்ஷன்?”

“யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களாக்கா?”

“சேச்சே, யாரும் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் யோசிச்சேன்.”

யாராவது சொல்லியிருந்தால்கூடச் சுலைகாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. சரிங்க்கா என்றாள். பசீர் அகமது ஒரே ஒரு தடவை, போகாதே என்று சொன்னான். அவளுக்கோ வேறு கணக்கு. இந்த ஒரு மதியம் அவர்கள் தன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் போதும், மீதியெல்லாம் தானாகப் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினாள். ஆறு வயது மகள் மலீஹா இந்தச் சந்தில்தான் வளர வேண்டும். அதற்காகவே போக வேண்டும்.

சனிக்கிழமை காலையில் தன் வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு வாங்கியதையெல்லாம் மூன்று நடையாக வசந்தாமணி வீட்டுக்குச் சுமந்தாள். மலீஹா சோளக்கதிரைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். சமையலறை சன்னலில் கதிரைக் கட்டி, தாளிப்பு வாசம் போக அடுப்பில் தண்ணீர் வைத்துப் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுக் கொதிக்கவிட்டாள். பிரியாணிக்குப் போடுகிற சாமானை வெறும் வாசத்துக்காகக் கொதிக்கவிடுவதில் அவளுக்கு ஒவ்வொரு வருடமும் மனசு அடித்துக்கொள்ளும். மேசையில் பழுப்புத் துணியை விரித்தாள். உயரம் பார்த்து மெழுகுவர்த்திகள். எட்டுத் துணி நாப்கின்களை இலை வடிவில் மடித்து நாரால் கட்டினாள். நடுவில் ஒரு மரக்கிண்ணம், அதில் வரியும் புள்ளியுமான குட்டிச் சுரைக்காய்கள். அதைப் பார்த்து வசந்தாமணி கண்ணடித்தாள். இருவரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சுலைகா கடைசியாகச் சிரித்தது அதுதான்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். அலங்காரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். வசந்தாமணி, அடுத்த வீட்டுப் பிள்ளையின் பரிசை வாங்கிக்கொள்கிறவள்போல, நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுலைகா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டயான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், பசீர் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தாள். சுலைகாவுக்கு நெஞ்சிலிருந்து கல்லொன்று இறங்கியதுபோல இருந்தது. அவள் கணக்கு பலிக்கிறது என்றுதான் நினைத்தாள்.

சூப் முடிந்து, வான்கோழி முடிந்து, இனிப்புகள் வந்தன. எல்லோர் தட்டிலும் ஒரு கரண்டி அல்வா விழுந்தது. அப்போதுதான் டயான் மரக்கிண்ணத்தைக் காட்டி, இந்தக் காய்களைச் சாப்பிட முடியுமா என்று விளையாட்டாகக் கேட்டாள்.

வசந்தாமணிக்கு அதுவரை மேசையில் சரியாகப் பேச்சு அமையவில்லை. இங்கிலீஷில் நாலு பேர் சிரிக்கும்படி ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று அவள் ஏங்கிக்கொண்டிருந்த நேரம். சுரைக்காய்க் கூட்டின் கதையை எடுத்தாள். எடுத்தவள், தன் வீட்டு மேசையிலேயே நான்தான் அந்த முட்டாள் என்று சொல்ல நா கூசியதோ என்னவோ, கதையில் ஆளை மாற்றிவிட்டாள். சமைத்தது சுலைகாவாம். சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது தானாம். சிரித்துக்கொண்டே முடித்தாள், “ஷி ஆல்மோஸ்ட் பாய்சன்டு மீ!”

விஷம் என்ற அந்தச் சொல் மேசையில் விழுந்தது. ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து, மற்றவர்கள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினாள். டயான் வாய்வரை கொண்டுபோன கரண்டியை மெதுவாகத் தட்டில் இறக்கினாள். பிறகு சுலைகா இலை வடிவில் மடித்துக் கொடுத்த அந்த நாப்கினை மடியிலிருந்து எடுத்து அல்வாமேல் போட்டு மூடினாள். மிகவும் நாகரிகமான பெண்மணி, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மற்ற தட்டுகளில் அல்வா வைத்தது வைத்தபடி இருந்தது.

சுலைகா வாயைத் திறந்திருக்கலாம். இல்லை, சமைத்தது அக்கா, சாப்பிட்டது நான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த மாதத்தில் அவள் எதை மறுத்தாலும் அது மறுப்பாக மட்டும்தான் கேட்கும். அவள் வசந்தாமணியைப் பார்த்தாள். கதையைத் திருத்தக்கூட வேண்டாம். அந்த அல்வாவில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டால் போதும், மேசை முழுக்கத் தைரியமாகக் கை வைத்துவிடும். வசந்தாமணிக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான் அவள் தலை குனிந்தது. தன் தட்டை நகர்த்திவிட்டு, ஆப்பிள் பை யாருக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள். அதில் அவளே இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

சுலைகா தன் தட்டு அல்வாவைக் கடைசிவரை சாப்பிட்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மலீஹா, லன்ச் நன்றாக இருந்ததா என்று இங்கிலீஷில் கேட்டதற்கு, நன்றாக இருந்தது என்று தமிழில் பதில் சொன்னாள்.

மறுநாள் காலையில் வசந்தாமணி போசியோடு வந்தாள். போசி கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. வெறுமனே இல்லை. உள்ளே சுலைகாவின் சுரைக்காய்களையும் துணி நாப்கின்களையும் போட்டு மூடியிருந்தாள். வழக்கத்தை விட்டுக்கொடுக்காதவள்.

“தப்பா எடுத்துக்காத கண்ணு. சும்மா சிரிக்கறதுக்குச் சொன்னேன். இப்படி ஆகும்னு நெனைக்கல.”

“அல்வாவ என்னக்கா பண்ணீங்க?”

வசந்தாமணி போசியின் கைப்பிடியைத் தடவினாள். யாரும் சாப்பிடாததால் கொட்டிவிட்டதாகச் சொன்னாள்.

“நீங்க ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம்.”

“எனக்குத்தான் சுகர் இருக்குல்ல.”

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். கசப்பிட்டவரையும் ஏழு வருடம் நினைத்திருந்தவள் சுலைகா. போசியை வாங்கினாள், சுரைக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆகஸ்டிலிருந்து அலங்காரத்துக்கென்று காலியாக வைத்திருந்த மேசை அது. பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“அன்னைக்கு உங்க கூட்டு முதல் வாயிலயே கசந்துதுக்கா. நீங்க பாத்துட்டு இருந்தீங்களேன்னுதான் முழுசும் சாப்பிட்டேன்.”

வசந்தாமணிக்கு அது இதுவரை தெரியாது. கசப்பு தெரியாமல்தான் சுலைகா சாப்பிட்டாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அவள் வாசல்வரை போய் நின்று, திரும்பி மேசைமேல் இருந்த சுரைக்காய்களைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த செப்டம்பரில் சன்னலில் சோளக்கதிர் தொங்கவில்லை. சந்துப் பெண்கள் அந்த வருடம் கராஜ் பெட்டிகளை ரொம்பத் தாமதமாகத்தான் திறந்தார்கள். போசி சுலைகாவின் அலமாரியிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அது யார் வீட்டுக்கும் போகவில்லை.