தவராசா அண்ணனின் தாடியும் ரொம்சோஸ் மைதானமும்

2006 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டோவ்னர் நிலையத்தில் ரயில் ஏறினோம். டிக்கெட் இருபது குரோனர். அதை நம் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் வியாதி ஒஸ்லோ வந்து இத்தனை நாளாகியும் எனக்குத் தீரவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கும் ரொம்சோஸுக்கு இது பகல் கொள்ளை என்றேன். தவராசா அண்ணன் மடியிலிருந்த ரோல்ஸ் பலகாரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பவன் நான். பயிற்சிக்காக வந்து, தவராசா அண்ணன் வீட்டு அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பஸ் ஓட்டுகிறார். வந்த முதல் நாளே அவர் தாடியைப் பார்த்துச் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறாரோ என்று கேட்டுவிட்டேன்.

"இல்லைத் தம்பி, இது ஃபுட்போல் தாடி" என்றார்.

மகள் ஆரணிக்குக் கல்லூரியில் அது கடைசி ஆண்டு. பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் கேப்டன். ஒஸ்லோவைச் சுற்றியுள்ள ஐந்து கல்லூரிகள் தங்களுக்குள் நடத்தும் சின்னப் போட்டித் தொடர் அது. வசந்தத்தில் தொடங்கியதிலிருந்து இவர்கள் ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. பிள்ளை வெல்லும்வரை சவரம் செய்வதில்லை என்று அண்ணன் முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். இன்றைய ஆட்டம்தான் கடைசி. இதிலும் தோற்றால் தாடிக்கு முடிவே கிடையாது.

ரொம்சோஸ் நிலையம் பாறையைக் குடைந்து கட்டியது. வெளியே வந்தபோது எந்தப் பக்கம் போவதென்று எனக்குப் புரியவில்லை. அன்று முழுக்க அப்படித்தான் இருக்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

மைதானத்தில் பார்வையாளர் என்று பார்த்தால் கம்பளித் தொப்பிக்காரர்கள் கொஞ்சம் பேர். கத்தவில்லை, நடுவரைத் திட்டவில்லை. ஃபிளாஸ்க்கில் காப்பி குடித்துக்கொண்டு ஏதோ சாவு வீட்டுக்கு வந்தவர்கள்போல நின்றார்கள். ஸ்ட்ரோம்மன் பக்கத்துக் கல்லூரி அணி வந்து இறங்கியது. எண்ணிப் பார்த்தால் ஒன்பதே பேர். மற்றவர்களுக்குக் காய்ச்சலாம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணே, பிளேடு வாங்கிடலாம்" என்றேன். தூத்துக்குடியில் நான் படித்தபோது எதிரணியின் வேன் வழியில் பஞ்சராகி வராமல் போனது. ஆடாமலே ஜெயித்து, மேளத்தோடு ஊர்வலம் போனோம்.

ஆனால் ஆரணி நடுவரிடமும் எதிரணிக் கேப்டனிடமும் ஏதோ பேசினாள். பிறகு தன் நீலச் சட்டையைக் கழற்றி உள்ளே போட்டிருந்த பனியனோடு நின்றாள். எதிரணிக்காரி ஒருத்தி சிவப்புச் சட்டையை நீட்டினாள். அதை மாட்டிக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தாள்.

"அவையிட்டை ஒன்பது பேர்தான் அப்பா. எங்களிட்டைப் பதின்மூண்டு. நானும் இன்னொருத்தியும் அங்கால போறம். இஞ்சை இது வழக்கம்தான்."

"ஏன் பிள்ளை நீ போறாய்? பெஞ்சிலை இருக்கிறவளை அனுப்பன்!"

"ஒருத்தியைத்தான் பெஞ்சிலையிருந்து எடுத்தனான். மற்றாள் கேப்டன்தானே போகவேணும்? மற்றவையை எப்படிப் போகச் சொல்லுறது?"

"ஒன்பது பேரை வெண்டால் வெற்றி இல்லையோ?"

"ஆள் குறைஞ்ச ஆக்களை வெண்டு என்ன செய்யிறது?"

"வெல்லுறதுதான் செய்யிறது!" என்றார் அண்ணன். அவள் அதற்குள் போய்விட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. யாருக்காகக் கத்துவது? நீலம் பந்தை எடுத்தால் எழுந்தேன், குறுக்கே ஆரணி வந்தால் உட்கார்ந்தேன். அண்ணன் தாடியைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, அடியடி" என்பார், உடனே "அடிக்காதை" என்பார். இடைவேளையின்போது ஆளுக்கு ஒரு கோல். இரண்டு அணியும் ஒரே பெட்டியிலிருந்து ரோல்ஸ் தின்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. பகையாளியா, பங்காளியா, ஏதாவது ஒன்றாக இருந்து தொலைக்கக் கூடாதா?

முடியும் தறுவாயில் ஆரணிக்குப் பந்து வந்தது. முன்னால் அவளுடைய சொந்தக் கல்லூரியின் கோல்கீப்பர் மட்டும்தான். கொஞ்சம் தடுமாறினால்கூட யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் தடுமாறவில்லை. பந்து வலைக்குள் போனது.

கடைசி விசில் ஊதியதும் தோற்ற நீலச் சட்டைகளும் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டன. ஒரு சீசன் முழுக்க ஒரு வெற்றியும் இல்லாத அணி அது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீடு திரும்பும் ரயிலில் ஆரணி அப்பாவின் தோளில் தூங்கிவிட்டாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை நான் ஊருக்குப் புறப்பட வேண்டும். விமான நிலைய ரயிலுக்கு என்னைக் கொண்டுபோய் விட அண்ணன் என் அறைக் கதவைத் தட்டினார். யாரோ என்று நினைத்துவிட்டேன். மழமழவென்று முகம், தாடையில் ஒரு பிளேடு வெட்டு.

"அண்ணே, அப்போ யார் ஜெயிச்சதா முடிவு பண்ணீங்க?"

"அது இன்னும் விளங்கேல்லைத் தம்பி" என்றார், வெட்டைத் தடவிக்கொண்டே. "ஆனா அவள் அந்தக் கோலை அடிக்கேக்கை நான் கை தட்டிப்போட்டன். தட்டினாப்பிறகு தாடியோடை எந்த முகத்தை வைச்சுக்கொண்டு முருகனிட்டைப் போறது?"