பிக்கப்பைக் கொடுத்து ஏழு சீட்டு வண்டி வாங்கப் போனேன்

லோடு வண்டி வைத்திருப்பவனை எந்த ஊரிலும் யாரும் நலம் விசாரிப்பதில்லை. "அந்தப் பக்கமாத்தானே போறீங்க, ஒரு பீரோ இருக்கு" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

திருவண்ணாமலையில் பதினாலு வருஷமாகப் பிக்கப் ஓட்டுகிறேன். இதுவரை இருநூற்றுப் பதினொரு பீரோ ஏற்றியிருக்கிறேன். அதில் அறுபத்து மூன்று, அந்தப் பக்கமாகப் போகும் பீரோக்கள்; வாடகை கிடையாது. நீங்களும் லோடு வண்டிக்காரராக இருந்தால் இந்தக் கணக்கைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். மேலே படியுங்கள்.

சீர் வந்த வண்டி

என் மகள் கவிதாவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. சம்பந்தி வீடு ஆரணிப் பக்கம். பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்பதால் சொந்தக்காரர்களைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டேன். சீர்த் தட்டு இருபத்தொன்றும் சோற்றுப் பாத்திரம் ஐந்தும் பின்னால். நானும் என் மனைவி சரோஜாவும் முன்னால். புது வேட்டிதான் கட்டியிருந்தேன். ஆனால் தார்ப்பாயை அவிழ்ப்பதற்குள் அதில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது.

தட்டுகளை எண்ணி எண்ணி இறக்கிக்கொண்டிருந்தேன். சம்பந்தியின் அண்ணன் ஒருவர், கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர், நேராக என்னிடம் வந்தார். நல்ல மனிதர். என் தோளில் கை வைத்து, சரோஜாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "டிரைவர், அவசரப்பட்டுக் கெளம்பிடாத. பொண்ணோட அப்பா அம்மால்லாம் சாப்ட்டு முடிக்கட்டும், கடைசிப் பந்தியில உனக்கும் ஒரு எல போடச் சொல்றேன்."

கியர் ராடுக்குப் பக்கத்தில்

வளைகாப்பு முடிந்ததும் மகளை அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் அல்லவா? ஜன்னல் பக்கம் கவிதா, நடுவில் சரோஜா. நடுவில் உட்காருபவருக்குக் கியர் ராடுதான் துணை. வீடு வந்து சேர்வதற்குள் நூற்று முப்பத்தெட்டு தடவை கியர் மாற்றினேன். நான் குறைத்துப் பார்த்தேன், ரோடு விடவில்லை. அத்தனை தடவையும் அவள் முட்டியில் இடித்தது. 

இறங்கிய பிறகுதான் சரோஜா பேசினாள். "புள்ள பொறந்து மூணாம் மாசம் கொண்டுபோய் விடறப்போ நான் இதுல வரமாட்டேன். அவங்க வாசல்ல கார்ல போய் எறங்கணும்." வண்டி இரண்டு வைத்தால் கட்டுப்படியாகாது. கார் வேண்டுமென்றால் பிக்கப்பைக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். பதினாலு வருஷம் சோறு போட்ட வண்டி அது. காரில் ஆள் ஏற்றிப் பிழைத்துவிட முடியுமா என்பது எனக்குத் தெரியவில்லை. ஸ்டாண்டில் என் வண்டிக்கு அடுத்து நிற்கும் ஏழுமலையிடம் கேட்டேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னான்: "மூட்டைக்கு மரியாத தேவையில்லண்ணா, சம்பந்திக்குத் தேவ. மூட்டைய விட்டுடுங்க."

டாக்டர் ஓட்டிய வண்டி

வேங்கிக்காலில் பழைய வண்டி புரோக்கர் ஒருவர் இருக்கிறார். கலெக்டர் ஆபீசுக்கு வந்தவர்கள் வெயிலுக்கு ஒதுங்கினால்கூட ஒரு வண்டியைக் காட்டிவிடுவார். எனக்கு ஏழு சீட்டு வண்டி ஒன்றைக் காட்டினார். வெள்ளை நிறம், உயரமான உடம்பு. "சிங்கிள் ஓனர், ஒரு டாக்டரு ஓட்னது" என்றார். இதுவரை நான் பார்த்த பழைய வண்டி பதினாறு. பதினாறையும் டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார். இத்தனை டாக்டர் இருக்கிற ஊரில் ஆஸ்பத்திரியில் ஏன் அவ்வளவு நேரம் உட்கார வைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

நான்கு கதவையும் நாலு நாலு தடவை சாத்திப் பார்த்தேன். சீட் பெல்ட் ஏழுக்கு ஆறுதான் இருந்தது. கடைசி சீட்டைத் தூக்கினேன். அடியில் கோழி இறகு ஒன்பது. கொஞ்சம் தவிடு. ஒரு கயிற்றுத் துண்டு. ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேஜைமேல் வரிசையாக வைத்தேன்.  புரோக்கர் கண் சிமிட்டக்கூட இல்லை: "மாட்டு டாக்டருங்க ஐயா. அவருகிட்ட இன்னா, கலெக்டரா வைத்தியத்துக்கு வருவாரு?"

ஒன்பது குறை

என் பிக்கப்பைப் பார்க்க ஓர் ஆளை வரவழைத்தார் புரோக்கர். பந்தல் போடுகிறவர், கீழ்பென்னாத்தூர்க்காரர். ஐந்து நிமிஷம் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பார்த்தது பாதிதான்; அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஒரு மனிதன் வண்டி வாங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

ஒவ்வொன்றாகக் காட்டினேன். இடது பக்கம் பின் கதவுக் கொக்கி ஒன்று கம்மி. மழை பெய்தால் வைப்பர் இடது பக்கம் மட்டும் துடைக்கும், அதாவது டிரைவர் இல்லாத பக்கம். இரண்டாவது கியர் காலையில் முதல் தடவை விழாது, கெஞ்ச வேண்டும். அடியில் படுத்து ஆயில் கசிவதையும் விரலால் தொட்டுக் காட்டினேன். ஆறாவது குறை வரும்போது பந்தல்காரர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். ஒன்பதாவதில் புரோக்கர் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டார்: "ஐயா, நீங்க வண்டி விக்க வந்தீங்களா, வண்டி மேல சாட்சி சொல்ல வந்தீங்களா?"

எண்ணக் கூடாத லோடு

ஆனாலும் பந்தல்காரர் ஒத்துக்கொண்டார். இவ்வளவு குறை தெரிந்த வண்டியை அவர் இதுவரை வாங்கியதில்லையாம். இனி நான்தான் சரி என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று புரோக்கர் ஏழு சீட்டு வண்டியின் சாவியைக் கொடுத்தார். நல்ல நேரம், ஏழுமலையின் மாமனார் வீட்டார் ஆறு பேர் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். வாடகை இல்லை, ஆள் ஏற்றிப் பழகிக்கொள்ளத்தான். கிரிவலப் பாதையில் எட்டு லிங்கத்தையும் காட்டிக் கூட்டி வருவதாக ஏற்பாடு.

மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றும்போது ஒன்று என்று எண்ணத் தொடங்க மாட்டோம். முதல் மூட்டைக்கு 'லாபம்', அப்புறம் ரெண்டு, மூணு. ஒவ்வொரு மூட்டையையும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளுவோம். பதினாலு வருஷப் பழக்கம் கைக்குள் இருக்கிறது. இந்திர லிங்கத்தில் அவர்கள் திரும்பி ஏறும்போது வாசலில் நின்று "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினேன். அக்கினி லிங்கத்திலும் எண்ணினேன். எம லிங்கத்தில் முதலில் ஏறியவர் ஏழுமலையின் மாமியார். கொஞ்சம் கனத்த உடம்பு. என் கை அவர் முதுகில் தட்டிவிட்டது. அந்த அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. "இன்னாய்யா, மனுசாள எண்ணுற? அதுவும் சாமி பாக்க வந்த எடத்துல! கண்ணு பட்டுடாது? இன்னொரு வாட்டி எண்ணின, எறங்கிடுவேன்" என்றார்.

எண்ணவில்லை. நிருதி லிங்கத்தில் வாயை மூடிக்கொண்டேன். வருண லிங்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு கதவைச் சாத்தினேன். வாயு லிங்கம் போனோம், குபேர லிங்கம் போனோம். அங்கேதான் அந்த அம்மாள் தேங்காய் உடைக்கத் தன் வீட்டுக்காரரை, அதாவது ஏழுமலையின் மாமனாரைக் கூப்பிட்டார். மாமனார் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். வருண லிங்கத்துக்கு எதிரே ஒரு மரத்தடியில், கையில் சுண்டல் பொட்டலத்தோடு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "முப்பத்தாறு வருசத்துல இன்னிக்குத்தான் ஒரு சாமிய நிம்மதியா கும்பிட்டேன். அதுக்குள்ள இன்னா அவசரம்?"

நடு சீட்டு

ஆள் ஏற்றுவது நமக்கு ஆகாது என்று எனக்கு அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. ஆனால் வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. சரோஜா வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தாள். கவிதாவும் அவளும் நடு சீட்டில் ஏறினார்கள். ஏ.சி. போட்டேன். கண்ணாடிகள் ஏறின. சரோஜா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஆரணி வாசலில் இறங்குகிற மாதிரியே உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று கிலோமீட்டருக்குள் கவிதாவுக்கு இரண்டு தடவை குமட்டிவிட்டது. கண்ணாடியை இறக்கினோம். நான் வழக்கம்போல ஒரு திருப்பத்தை விட்டுவிட்டேன். வழக்கம்போல சரோஜா திட்டினாள். பிக்கப்பாக இருந்தால் இன்ஜின் சத்தத்தில் பாதி கரைந்து போயிருக்கும். இதில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. ஓரமாக நடந்து போன ஒரு சாமியார்கூட நின்று கேட்டார். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. திரும்பி வரும்வரை யோசித்தாள். வீட்டு வாசலில் இறங்காமலே சொன்னாள்: "இதுல சத்தமே இல்லீங்க. சம்பந்தி பின்னாடி உக்காந்தா நான் உங்கள எப்படித் திட்டுவேன்? சாவியக் குடுத்துட்டு வந்துடுங்க. புள்ளய விடற அன்னிக்கு மட்டும் ஒரு வாடகைக் காரு சொல்லுங்க, ஓட்றதுக்கு வேற ஆளோட."

ஆக, மரியாதைக்கு ஒரு நாள் வாடகைக் கார், சோற்றுக்கு மற்ற நாளெல்லாம் பிக்கப் என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவெடுத்தது நான்தான் என்று ஸ்டாண்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.