ஃப்ரீ கிக்கில் ஒரு சண்டை

பஸ் டிப்போவில் டயர் ஷெட்டைப் பார்த்துக்கொள்பவர்தான் டிப்போ கால்பந்து அணிக்கும் கோச். ஓடுகிற பந்தில் அந்த அணி படுமோசம். பாதிப் பேர் ஓட்டுநர்கள். உட்கார்ந்தே பழகியவர்கள், பாவம். அதனால் அவர் தன் மூளை முழுவதையும் நிற்கிற பந்தில் இறக்கினார். கார்னர் கிடைத்தால் நாலு பேர் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். பந்து கிளம்பியதும் ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடுவார்கள். இதையெல்லாம் ஷெட் தரையில் சக்கர நட்டுகளைப் பரப்பிவைத்து யோசிப்பார். வீட்டில் டம்ளரும் கிண்ணமும் அந்தப் பாடு படும். முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் கோல் போடலாம் என்பாள் மனைவி.

அவருடைய தம்பிகள் இருவரும் அதே அணியில் இருந்தார்கள். நடுத்தம்பி ஓட்டுநர், கடைக்குட்டி மெக்கானிக். அப்பா போனதிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்போது நடுத்தம்பிக்கு வெளியூரில் வேலை. ஆஸ்பத்திரியில் அப்பாவோடு கூடவே கிடந்த கடைக்குட்டி அவனுக்குப் போன் செய்திருப்பான் என்று அண்ணன் இருந்துவிட்டார். அவன் செய்யவில்லை. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டான். சமாதானம் பேசிப் பேசி அண்ணனுக்கு அலுத்துப்போனது.

பிறகுதான் அந்த ஃப்ரீ கிக்கை யோசித்தார். யார் அடிப்பது என்று தம்பிகள் இருவரும் பந்துக்குப் பக்கத்தில் நின்று சண்டை போட வேண்டும். எதிரணி வேடிக்கை பார்க்கும். அவர் தொப்பியைக் கழற்றியதும், பக்கத்தில் சும்மா நிற்கிற அணிக்காரன், ஒரு கண்டக்டர், ஓடிவந்து அடித்துவிடுவான். இவர்கள் சண்டையை யாரும் நடிப்பென்று நினைக்கமாட்டார்கள் என்று அணியிடம் சொன்னார். பயிற்சியில் இருவரும் பந்தைப் பார்த்தே வசனத்தை ஒப்பித்தார்கள்.

இந்த ஆட்டமும் தோற்றால் வெளியிலிருந்து வேறு கோச் வருவார் என்று டிப்போ மேனேஜர் சொல்லிவிட்டார். ஒரு கோல் பின்தங்கி, ஆட்டம் முடியப்போகிற நேரம், அண்ணன் நின்ற கோட்டுக்குப் பக்கத்திலேயே ஃப்ரீ கிக் கிடைத்தது. தம்பிகள் ஆரம்பித்தார்கள். நான் அடிக்கிறேன், இல்லை நான். வசனம் அதோடு சரி. நடுத்தம்பி விடவில்லை.

"எதையுமே எங்கிட்ட சொல்லாம நீயேதான செய்வ. அப்பா விஷயத்துலயும் அப்படித்தான பண்ண."

கடைக்குட்டி முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தான். "அப்பாதான் சொல்லவேணாம்னாரு. புது வேலை, லீவு போட்டா போயிடும், அவன் நிம்மதியா இருக்கட்டும்னாரு."

"இத இத்தனை நாளா ஏன்டா சொல்லல?"

"சொன்னா அப்பாமேல கோவப்படுவ. எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

எதிரணி வாயைப் பிளந்து நின்றது. கோல்கீப்பர்கூட இரண்டடி முன்னால் வந்து கேட்டுக்கொண்டிருந்தான். இதைவிட நல்ல சமயம் எந்த கோச்சுக்கும் வாய்க்காது. கண்டக்டர் தொப்பியையே பார்த்தபடி நின்றான். அண்ணனின் கை தொப்பிவரை போனது. அங்கேயே நின்றது.

பொறுத்துப் பார்த்த நடுவர் இருவருக்கும் மஞ்சள் அட்டை காட்டினார். அதற்குள் எதிரணி சுதாரித்துவிட்டது. கண்டக்டர் அடித்த பந்து சுவராக நின்றவர்கள்மேல் பட்டுத் திரும்பியது. ஆட்டம் போயிற்று. இனி வர வேண்டாம் என்று மேனேஜர் மரியாதையாகவே சொன்னார்.

கண்டக்டருக்குத்தான் ஆறவில்லை. "கோலே காலியா கெடந்துச்சேண்ணே. தொப்பிய ஏன் எடுக்கல?"

"அவனுங்க இன்னும் பேசி முடிக்கலையேப்பா" என்றார்.