ரசமட்டமும் அக்கா வீட்டு வாசற்படியும்

ரசமட்டம் என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கொத்தனாரின் இளைய பிள்ளை அவன். நடை பழகுகிற வயதில் அப்பாவின் பையிலிருந்து கரண்டி, தூக்குக்குண்டு எதையும் தொடமாட்டான். சுவரும் தரையும் கோணலா என்று பார்க்கிற ரசமட்டத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் அலைவான். கண்ணாடிக் குழாய்க்குள் ஓடுகிற அந்தக் குமிழியைப் பார்த்தால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும். ஒரு நாள் தூங்குகிற தாத்தாவின் வயிற்றின்மேல் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா கோணல்" என்று தீர்ப்புச் சொன்னான். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவன் ரசமட்டம்தான்.

அந்த வம்சமே மண்ணும் தண்ணீரும். அப்பா கொத்தனார், அப்பாவின் தம்பி குழாய் வேலைக்காரர், அம்மாவின் அண்ணன் கிணறு வெட்டுகிறவர், அவருடைய மூத்த மாப்பிள்ளைக்குச் செங்கல் சூளை. படித்து இன்ஜினியர் ஆனவன் ரசமட்டம் ஒருவன்தான். அதற்குக் காரணம் அவன் அக்கா. அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தபோது, அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டாள். பிறகு கல்யாணமாகி, புருஷனைப் பறிகொடுத்து, ஒரு மகளோடு அதே வீட்டுக்குத் திரும்பி வந்தாள். இன்றைக்கும் மெஷின் அதே அறையில், அதே ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது.

கல்லூரியில் முதல் இரண்டு வருஷம் அவனுக்குக் கொண்டாட்டம். வெயிலில் மூன்றுகால் கருவியை நிறுத்தி, தூரத்தில் ஒருவன் அளவுக்கோலைப் பிடிக்க, நிலத்தின் மேடு பள்ளத்தை எழுதுவார்கள். பிறகு வெளியூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் யார் வேகமாக வரைகிறார்களோ அவர்களுக்குத்தான் வேலை என்றார்கள். கல்லூரியும் மளமளவென்று மாறிக்கொண்டது. மூன்றுகால் கருவிகள் அலமாரிக்குள் போயின. அலமாரிச் சாவி எங்கே போனதோ தெரியாது.

ரசமட்டத்துக்கு நல்ல வேலை கிடைத்தது. கண்ணாடிக் கட்டடம், உள்ளே ஸ்வெட்டர் போடுகிற குளிர், சுவரில் வரிசையாக வேறு வேறு தேசத்துக் கடிகாரங்கள். அவன் வேலை மழைநீர் வடிகால் வரைவது. எந்த ஊர்களுக்கு வரைந்தானோ அந்த ஊர்களில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. ஆகாயத்திலிருந்து அளந்த கணக்கு வரும், அதை வைத்து வரைவான். அந்த ஊர்த் தெருப் பெயர்களெல்லாம் அவனுக்கு அத்தை மாமா பெயர் மாதிரி மனப்பாடம். எந்த முக்கில் தண்ணீர் திரும்பும், எங்கே சேரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

இப்படி இருக்கையில்தான் அக்கா தெருவுக்குப் புது வடிகால் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். "டேய், கொஞ்சம் வந்து பாருடா. என் வாசலுக்கு முன்னாடி மதில் கட்டுற மாதிரி கட்டிட்டுப் போறானுங்க."

போய்ப் பார்த்தால் அவள் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. வீட்டு வாசற்படி முன்பே தாழ்வு. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு ஏற, வீடு கீழே போய்க்கொண்டிருந்தது. இப்போது பெட்டி பெட்டியாக இறக்கியிருந்த சிமென்ட் வடிகாலின் மேல்மூடி, படியைவிட உயரமாக உட்கார்ந்திருந்தது. ரசமட்டம் அப்பாவின் பழைய டியூபில் தண்ணீர் நிரப்பினான். ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையை அக்கா மகள் பிடித்தாள். அவளும் இன்ஜினியரிங்தான் படிக்கிறாள்.

"மாமா, இந்தத் தண்ணி இங்கயும் அங்கயும் ஒரே மட்டத்துல நிக்குமா?"

"நிக்கும். உங்க காலேஜ்ல காட்டலையா?"

"எங்களுக்குப் பாடமே வேற தேசத்துலேர்ந்து திரையில வருது. சந்தேகம் கேட்டா அடுத்த வாரம் பதில் வரும். அதுக்குள்ள சந்தேகமே மறந்துடும்."

அக்கா சிரித்தாள். ரசமட்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வாசற்படி வடிகால் மூடிக்கு ஒரு சாண் கீழே இருந்தது. பெருமழை பெய்தால் தெருத் தண்ணீர் வேறெங்கும் போகாது, நேராக முன்னறைக்குள் வரும். அங்கே மெஷின், மோட்டார், ஊரார் கொடுத்த துணிகள், அவ்வளவும் தரையை ஒட்டித்தான்.

வேலை பார்த்த மேஸ்திரியிடம் கேட்டான்.

"படத்துல இருக்கிறபடி வைக்கிறோம் சார். நான் என்ன என் பாட்டன் சொத்துலயா வைக்கிறேன்?" என்று அவர் படத்தை விரித்துக் காட்டினார்.

ரசமட்டம் குனிந்து அதைப் பார்த்தான். கோட்டின் தடிமன், அம்புக்குறி, ஓரத்துக் குறிப்பு எல்லாம் அவன் கைவேலை மாதிரியே இருந்தன. வரைந்தது வேறொரு தேசத்துக் கம்பெனி. ஆகாயத்திலிருந்து எடுத்த அளவு. மேலிருந்து பார்க்கிறவனுக்கு ஓட்டுக்கூரை தெரியும், தெரு தெரியும். கூரைக்குக் கீழே ஒளிந்திருக்கிற வாசற்படி எப்படித் தெரியும்?

"என்னடா அதையே பாத்துக்கிட்டு நிக்கறே?" என்றாள் அக்கா. "உனக்குத் தெரிஞ்ச தொழில்தானே? சொல்லி இறக்கி வைக்கச் சொல்லு."

"பாக்கறேன்க்கா."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? பக்கத்து வீட்டுக்காரி நேத்தே அழுதா. என் தம்பி பாத்துக்குவான்னு அவளுக்கும் சேத்துச் சொல்லிட்டேன்."

மறுநாளே அவன் நகராட்சி ஆபீஸுக்குப் போனான்.

நகராட்சி ஆபீஸில் தெருவுக்குப் பொறுப்பான இன்ஜினியர் அவனோடு படித்தவன். கல்லூரியில் அளவுச் சங்கிலியை எப்போதும் அவன் தலையிலேயே கட்டியதால் பட்டப்பெயர் சங்கிலி. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"மச்சி, எனக்குத் தெரியாம இல்ல. அந்த வரிசையில ஏழெட்டு வீடு அப்படித்தான். ஆனா மாத்தற அதிகாரம் எங்கிட்ட இல்ல. படம் வெளியிலேர்ந்து வருது. பெட்டி அந்த அளவுக்குத்தான் செஞ்சு வருது. நான் சரி பாத்தேன்னு கையெழுத்துப் போடற ஆளு."

"சரியில்லன்னு எழுது."

"எழுதறேன். எழுதினா பதில் வரும். பதில் வர்றதுல குறையே வைக்க மாட்டாங்க."

சொன்னபடியே எழுதினான், போட்டோவும் எடுத்து அனுப்பினான். ஒரு வாரத்தில் பதில் வந்தது. சங்கிலி போனில் அதைப் படித்துக் காட்டினான். வடிகால் மட்டங்கள் விதிப்படி உள்ளன, தனியார் வீட்டு வாசல்கள் எங்கள் வேலை வரம்பில் வரா, இதுதான் பதில்.

ரசமட்டம் போனைக் காதில் வைத்தபடியே நின்றான். அந்த வாக்கியத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு சொல் மாறாமல் அதையே அவனும் அனுப்பிக்கொண்டிருக்கிறான். அவன் ஆபீஸில் அதற்கு யோசிக்கக்கூட வேண்டாம், ஒரு பொத்தானைத் தட்டினால் தானே வந்து விழும். எத்தனை ஊருக்கு, எத்தனை வாசலுக்கு அனுப்பினானோ?

அடுத்த வாரமே அவன் மேசைக்கு ஒரு கேள்வி வந்தது. அவன் வரைந்துகொண்டிருந்த தூரத்து ஊர் ஒன்றில் ஒரு முடிதிருத்துகிறவர், தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் தன் கடைக்குள் வரவேண்டும் என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு போட்டோ. சுழல் நாற்காலி, பெரிய கண்ணாடி, தாழ்ந்த வாசல். கண்ணாடியில் போட்டோ எடுக்கிற மனிதரின் பாதி முகமும் விழுந்திருந்தது.

ரசமட்டம் பொத்தானைத் தட்டவில்லை. மேடத்திடம் போனான். அவன் குழுவுக்குத் தலைவி அவர், நல்ல மனுஷி.

"மேடம், இந்தத் தெரு முழுக்க வடிகாலை ஒரு சாண் இறக்கணும். நான் மறுபடி போட்டுத் தர்றேன்."

"ஒரு தெருவை இறக்கினா அதுக்குக் கீழ இருக்கிற எல்லாத் தெருவையும் இறக்கணுமே."

"ஆமா."

"இதுக்குக் கொடுத்த மணிக்கணக்கு முடிஞ்சு போச்சுப்பா."

"என் நேரத்துல செய்யறேன்."

மேடம் அவனை உட்காரச் சொல்லி, குரலைத் தாழ்த்தினார். "உன் நேரத்துல செஞ்சாலும் மாத்தின படத்தை உள்ள ஏத்த முடியாது. இன்னொண்ணு, யார்கிட்டயும் சொல்லாதே. இந்த வேலையையே நம்மளவிட மலிவா செய்யற ஊருக்கு மாத்தப் போறாங்களாம். வர்ற மாசம் அவங்களுக்கு நீதான் சொல்லிக் கொடுக்கணும்."

"உங்களுக்கு மேல இருக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

"அவர் யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா. குரல் மட்டுந்தான் கேட்டிருக்கேன். அதுவும் மாசத்துக்கு ஒரு குரல்."

அவன் இடத்துக்குத் திரும்பிவந்தபோது முடிதிருத்துகிறவரின் கேள்வி அவன் திரையில் இல்லை. பக்கத்து மேசைக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பொத்தானைத் தட்டிவிட்டு, "அண்ணா, உங்க பாக்கி ஒண்ணை நான் முடிச்சிட்டேன்" என்றாள், உதவி செய்த சந்தோஷத்தோடு.

அக்காவிடம் என்ன சொல்வது? மென்று விழுங்கி, "எழுதியிருக்கோம்க்கா" என்றான்.

"யாருக்குடா எழுதினே? கடவுளுக்கா?" என்றாள் அவள். "சரி விடு. நீ கொத்தனார் பிள்ளைதானே. வாசல்ல குறுக்கே ஒரு சுவராவது வெச்சுக் கொடு."

சுவர் வைத்தால் போதாது என்பது அவனுக்குத் தெரியும். தெருவில் தண்ணீர் நின்றால் வடிகால் நிரம்பும். வடிகால் நிரம்பினால், வீட்டுத் தண்ணீர் வெளியே போகிற குழாய் வழியாகவே உள்ளே திரும்பும். தினமும் வரைகிற விஷயம் அது. ஆனால் முடியாது என்று அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. செங்கல் வாங்கி, கலவை குழைத்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர் வைத்தான். ரசமட்டத்தை மேலே வைத்தபோது குமிழி ஓரமாகவே நின்றது.

"சுவர் கோணல்" என்றாள் அக்கா. தாத்தாவை நினைத்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். அதற்குப்பின் வயசான வாடிக்கையாளர்கள் சுவரைத் தாண்டமுடியாமல் தெருவில் நின்றே துணி கொடுத்துப் போனார்கள்.

மழை ஒரு பகல்வேளையில் பிடித்தது. ரசமட்டம் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினான். தெரு வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் சுவரின் பாதிவரை ஏறி நின்றுவிட்டது. அக்கா ஜன்னலில் கையூன்றி, "பாத்தியா, நிக்குது! நீ வெச்ச சுவர்டா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவன் சுவரைப் பார்க்கவில்லை. குளியலறைப் பக்கமே காது கொடுத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அங்கே களக் களக் என்று சத்தம் கேட்டது.

சாக்குத் துணியைச் சுருட்டித் துவாரத்தில் அடைத்து, மேலே அம்மிக்கல் மாதிரிக் கனமான ஒரு கல்லை வைத்தான். துணி ஊறியது, கல் ஆடியது, கறுப்புத் தண்ணீர் ஓரமாகக் கசிந்து, பிறகு அடக்கமுடியாமல் பொங்கியது. முன்வாசலில் சுவர் உறுதியாக நின்றதால், உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போகவும் வழியில்லை.

அக்கா மகளும் சேர்ந்து மூன்று பேருமாக மெஷினைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். துணி மூட்டைகளைக் கட்டிலில் போட்டார்கள். கட்டில் கால் முழுகியதும் அக்கா தூக்குவதை நிறுத்திவிட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?" என்றாள்.

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னக்கா செஞ்சிருப்பே?"

 அவள் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேசையோரம் ஏறி உட்கார்ந்தாள்.

பையில் போன் அடித்தது. மேடம்தான். அந்தத் தூரத்து ஊர்ப் படத்தை இப்போதே அனுப்பவேண்டுமாம், அங்கே பெட்டி வார்க்கக் காத்திருக்கிறார்களாம். ரசமட்டம் கம்ப்யூட்டரை எடுத்துத் தையல் மெஷினின் தட்டில் வைத்துத் திறந்தான். முடிதிருத்துகிறவரின் தெரு திரையில் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. மட்டம் பழைய மட்டம்தான்.

"யாருடா?" என்றாள் அக்கா.

"ஆபீஸ்க்கா."

"அனுப்பிடு. வேலையையும் கெடுத்துக்காதே."

முழங்கால்வரை தண்ணீரில் நின்றபடி அவன் அனுப்பினான்.