பெட்டி மாமாவின் பேட்டரி வைத்தியம்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் குடியிருப்பில் எல்லாரும் பெட்டி மாமா என்றுதான் சொல்வார்கள். பெட்டி ஒன்றும் பெரிதல்ல. சாப்பாட்டு டப்பா அளவுதான். அதிலிருந்து ஒரு சிவப்பு கிளிப்பும் ஒரு கறுப்பு கிளிப்பும் தொங்கும், முன்பக்கம் டார்ச் லைட் உண்டு. பேட்டரி செத்துப்போன காரை இன்னொரு காரின் தயவில்லாமல் எழுப்பிவிடும் ஜம்ப் ஸ்டார்ட்டர் அது.

அதற்கு முன்னால் மாமா ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். கம்பி வலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். மேனேஜருக்கே ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் அந்த ஜன்னலில் குனிந்துதான் கேட்க வேண்டும். மாமா உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எதுக்கு?" என்பார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் உயிரே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் அக்கா கத்தியைக் காணோம் என்று தேடினாள்.

"எதுக்கு?" என்றார் மாமா.

"உங்க நாக்கை நறுக்கத்தான்."

அந்தச் சமயத்தில்தான் அவருடைய சொந்தக் கார் ஒரு கடை வாசலில் நின்றுபோய், அவர் வெயிலில் காய்ந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார்.

நான் அவர்களோடுதான் இருக்கிறேன். என் தையல் மெஷின் கிடப்பது முதல் மாடி ஜன்னல் ஓரத்தில். கீழே கார்கள் நிற்கும் முற்றம். எனக்குப் பேச்சு குறைவு. கண்ணுக்கு மட்டும் ஓய்வே இல்லை.

முதலில் மாட்டியவர் இரண்டாம் மாடிப் பல் டாக்டர். காலையில் அவருடைய பழைய கார் டிக் டிக் என்று முனகிவிட்டு அடங்கியது. மாமா பெட்டியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு இறங்கினார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளினார்.

"நேத்து லைட்டை அணைச்சீங்களா?"

"ஞாபகம் இல்லைங்களே."

"அதானே பார்த்தேன். எல்லாரும் தள்ளி நில்லுங்க."

எல்லாரும் என்றால் டாக்டர் மட்டும்தான். அவர் தள்ளி நின்றார். சிவப்பு கிளிப் பிளஸ்ஸில், கறுப்பு கிளிப் என்ஜினின் வெறும் இரும்பில். மாமா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். பெட்டிக்கு அது தேவையில்லை, அவருக்குத் தேவைப்பட்டது. "இப்ப சாவியைத் திருப்புங்க" என்றார். கார் உறுமியது. டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று சாயங்காலம் மாமா இரண்டாம் மாடியில் டீ குடித்தார். நம் வீட்டு டீக்கு அதற்குப் பிறகு ருசியே இல்லை என்றார்.

அடுத்தடுத்து வண்டிகள் படுத்தன. மாமா ஒவ்வொன்றாக எழுப்பினார். எழுப்பிய கையோடு, "பேட்டரியை மாத்திடுங்க. இல்லேன்னா மறுபடியும் என்னைத்தான் தேடி வரணும்" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினார்.

ஜனங்கள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். எல்லாரும் பேட்டரியை மாற்றினார்கள். பல் டாக்டர் காரையே மாற்றிவிட்டார். மாமாவைத் தேட ஒருவரும் இல்லை.

"உலகத்துல இருக்கிற நோயாளியையெல்லாம் குணப்படுத்திட்டீங்க. இனி ஈ ஓட்டுங்க" என்றாள் அக்கா.

மாமா இருட்டத் தொடங்கியதும் தினமும் முற்றத்தில் உலாவ ஆரம்பித்தார். பெட்டியின் டார்ச்சை அடித்து ஒவ்வொரு காருக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். எவனாவது உள்விளக்கை அணைக்க மறந்திருக்கிறானா, கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருக்கிறானா என்று. பார்க்கிறவர்கள், குடியிருப்பின் மேல் எவ்வளவு அக்கறையுள்ள மனிதர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த அக்கறையை நம்பித்தான் அவருக்கு அடுத்த ஆசை வந்தது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஆக வேண்டும். அப்போதிருந்த செயலாளருக்கு ஹாரன் என்று பெயர். தெருமுனையிலிருந்தே அடித்துக்கொண்டு வருவார், கேட்டைத் திறக்கத் தனியாக ஆள் இருப்பதுபோல. யாருக்கும் அவரைப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் தேர்தல் கூட்டம். மாமா தன் காருக்குள் உட்கார்ந்து, உள்விளக்கைப் போட்டுக்கொண்டு, சாயங்காலந்தோறும் பேச்சை ஒப்பித்துப் பார்த்தார். வீட்டில் ஒப்பித்தால் அக்கா சிரிக்கிறாளாம்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் தேடியது கிடைத்துவிட்டது. பல் டாக்டரின் புதுக் காருக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமா நின்றார். இரண்டாம் மாடியை ஒரு பார்வை, விளக்கை ஒரு பார்வை. பிறகு பூனைபோல மேலே வந்து நாளைக்குப் போட வேண்டிய சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார். ஊரே கூடியிருக்கும்போது டாக்டரின் கார் படுக்கும், இவர் எழுப்புவார், பிறகு எதற்குத் தேர்தல்?

"டாக்டர் வண்டியில விளக்கு எரியற மாதிரி இருக்குக்கா" என்றேன், மெதுவாக.

"ஏங்க, போய்ச் சொல்லிட்டு வாங்களேன்."

"அவங்க தூங்கியிருப்பாங்க" என்றார் மாமா.

அப்போது இரண்டாம் மாடியிலிருந்து சமையல் வாசனை வந்துகொண்டிருந்தது.

மறுநாள் முற்றத்தில் நாற்காலி போட வண்டிகளை நகர்த்தச் சொன்னார்கள். மாமா பெட்டியோடு டாக்டரின் கார் அருகே தயாராக நின்றார். டாக்டர் ஏறினார், பட்டனை அமுக்கினார், கார் சத்தமே இல்லாமல் கிளம்பியது.

"நேத்து உள்ள லைட் எரிஞ்சுதே!" மாமாவுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"புது வண்டிங்க. மறந்தாலும் கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிடும்" என்ற டாக்டர், அப்புறம்தான் யோசித்தார். "பார்த்தீங்களா? பார்த்துட்டு ஏன் சொல்லலை?"

மாமா அவசரமாகத் தன் காரை நகர்த்தப் போனார். சாவியைத் திருப்பினார். டிக் டிக். மறுபடியும் டிக் டிக். பேச்சு முழுவதையும் கேட்டுக் கேட்டு அந்த பேட்டரி உயிரை விட்டிருந்தது.

"கவலை எதுக்கு, பெட்டிதான் கையிலேயே இருக்கே!" என்றார் யாரோ.

மாமா பெட்டியின் பட்டனை அமுக்கினார். சிவப்பாக ஒரு சின்ன விளக்கு இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. தினமும் டார்ச் அடித்தவர் அதற்கு சார்ஜ் போடவேயில்லை. முற்றம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிமிராமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு மெஷினை ஓட்டக் கை வரவில்லை.

ஹாரன்தான் வந்தார். டிக்கியைத் திறந்து, தூசி படிந்த பழைய கேபிள் சுருளை எடுத்தார். தன் காரை மாமாவின் கார் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு பேட்டரிகளையும் கேபிளால் இணைத்தார்.

"சாவியை எங்கிட்ட குடுத்துட்டு இறங்குங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மாமா இறங்கித் தள்ளி நின்றார். கார் உறுமியதும் மொத்தக் கூட்டமும் கை தட்டியது. ஹாரனுக்கு அதுவரை யாரும் கை தட்டியதில்லை. அவர் முகம் குழந்தையின் முகம்போல ஆகிவிட்டது.

"பேட்டரியை மாத்திடுங்க" என்றார், பெருந்தன்மையாக.

செயலாளர் பதவிக்கு யார் நிற்கிறீர்கள் என்று கேட்டபோது மாமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் ஹாரனே செயலாளர் ஆனார். மாமா மேலே வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைச் சார்ஜில் போட்டார். அக்கா அன்று ஒன்றும் சொல்லவில்லை. டீ மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த வாரமே ஒரு நாள், இருட்டுகிற நேரம். ட்யூஷன் டீச்சர் தன் அரதப் பழைய காரில் விளக்கை அணைக்காமல் மாடிக்குப் போய்விட்டார். மாமா பெட்டியோடு அந்தப் பக்கம் வந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து கேபிள் சுருளோடு ஹாரன் வந்தார். இரண்டு பேரும் எரிகிற விளக்கைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மா, காத்து வாங்க வந்தேன்" என்றார் ஹாரன்.

"நானும் அதுக்குத்தான்" என்றார் மாமா.

ஒருவர் போகட்டும் என்று இன்னொருவர் காத்து நின்றார். இலைகூட அசையவில்லை. நான் அக்காவின் காதில் சொன்னேன். அக்கா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"டீச்சர்! உங்க வண்டியில லைட்டு எரியுது! ரெண்டு பெரிய மனுஷங்க காவலுக்கு நிக்கிறாங்க, இருந்தாலும் வந்து அணைச்சிடுங்க!"

டீச்சர் ஓடிவந்து அணைத்தார். "ரெண்டு பேருக்கும் எவ்வளவு நல்ல மனசு! இந்த பேட்டரியும் பழசாயிடுச்சு, மாத்திடட்டுமா?"

மாமா கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளினார்.

"எதுக்கு?" என்றார்.

ஹாரனும் தலையை ஆட்டினார். "அவசரமே இல்லை டீச்சர். நாங்க இருக்கோம்ல."