காலி ஆணியும் நைனாவின் கடைவாய்ப்பல்லும்

முதலில் அலமாரி டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடும். அப்புறம்தான் காலுக்குக் கீழே தரை ஒரு குலுங்கு குலுங்கும்...

தங்கச் சுரங்க ஊரான எங்கள் சாம்பியன் ரீப்ஸில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். சுரங்கத்தின் அடியாழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். அதை நாங்கள் ‘பர்ஸ்ட்’ என்போம். சின்ன பர்ஸ்ட் என்றால் யாரும் சாப்பாட்டை விட்டு எழுந்திருக்கக்கூட மாட்டார்கள்.

அன்றைக்கு வந்தது சின்னது இல்லைங்க.

எனக்கு ஒன்பது வயது. கோடை லீவு, காலை பதினோரு மணி இருக்கும். மேல் தட்டிலிருந்த குடம் உருண்டு வந்து அம்மா அரைத்து வைத்திருந்த சட்னியிலேயே விழுந்தது. அம்மா ஸ்டவ்வை அணைத்தாள், என் கையைப் பிடித்தாள், செருப்புகூடப் போடாமல் ஓடினாள். ஒவ்வொரு லைன் வீட்டிலிருந்தும் பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி கையில் கரண்டி. இன்னொருத்தி தலையில் சீயக்காய்.

அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, அன்று சுரங்கத்தில் பகல் ஷிஃப்ட்.

சுரங்கத்துக்குள் இறங்கும் குழி, அதுதான் ஷாஃப்ட், அதன் கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஆனால் கம்பி வழியாக லேம்ப் ரூம் பலகை தெரியும். ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் போட்ட ஒரு ஆணி. கீழே இறங்குகிறவர் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவார், மேலே வந்ததும் திரும்ப மாட்டுவார். ஆணி காலி என்றால் ஆள் இன்னும் கீழே.

எங்கள் கண்ணெல்லாம் அந்தப் பலகையில்தான். காது மட்டும் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜின் மணியில். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் கிளம்பினால் மூன்று முறை அடிக்கும். டங்... டங்... டங்... மூன்றாவது அடி விழுகிறவரை ஒருத்தரும் மூச்சே விடமாட்டார்கள்.

கேஜ் வர வர ஆணிகள் நிறைந்தன. புருஷன் முகத்தைப் பார்த்தவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், ஆனால் அங்கேயே நிற்பாள். கடைசி ஆள் மேலே வருகிறவரை ஒருத்தியும் வீட்டுக்குப் போகமாட்டாள். அது எங்கள் ஊர் வழக்கம்.

கடைசியில் இரண்டே ஆணிகள் காலி. ஒன்று பக்கத்து வீட்டு கன்னியம்மா அக்காவின் புருஷன் மாணிக்கம் மாமாவுடையது. இன்னொன்று எங்கள் நைனாவுடையது.

அம்மா என் கையை அழுத்திய அழுத்தத்தில் என் வளையல் உடைந்தது. பயமென்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்போது கூட்டத்துக்குப் பின்னால் ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தார். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. எதிரில் நின்ற கிழவியிடம் கேட்டார்.

“இன்னாம்மா, யாரு கீழ மாட்டிகினாங்க?”

கிழவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மாணிக்கமும் ஏகாம்பரமும்பா.”

“எந்த ஏகாம்பரம்?”

“மூணாவது லைன் ஏகாம்பரம்தான். பாவம், சின்னப் பொண்ணு ஒண்ணு கீது.”

அந்த ஆள் அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது.

“யம்மா... அது நான்தான்மா!”

ஐயோ, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்! அம்மா திரும்பினாள். பார்த்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். வீங்காத கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்!

“இன்னாய்யா மனுசன் நீ! எங்கய்யா போன?”

விஷயம் இதுதான். பர்ஸ்ட் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பல்வலி தாங்காமல், நைனா சுரங்கத்துக்குள்ளேயே நடந்து அடுத்த ஷாஃப்ட் வழியாக மேலே வந்திருக்கிறார். அதுதான் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட. டோக்கனை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராகப் போய்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் ஆள் இல்லை, சட்னிக்குள் குடம் கிடக்கிறது. பதறிப்போய் ஓடிவந்திருக்கிறார்... தன்னையே தேட!

கூட்டம் சிரித்தது. பயத்தின் நடுவில் வந்த அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது தெரியுமா? கன்னியம்மா அக்காகூட ஒரு நொடி சிரித்துவிட்டு, உடனே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நைனா மெதுவாக, “ஊட்டுக்குப் போலாமா? வலிக்குது” என்றார்.

அம்மா முறைத்தாள். “மாணிக்கம் அண்ணன் வர்ற வரிக்கும் எங்கியும் போறதில்ல. சும்மா நில்லு.”

நின்றோம். அம்மா கன்னியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு மணி வாக்கில் மணி அடித்தது. ஒன்று... இரண்டு... மூன்று!

கால் ஒடிந்து, முகமெல்லாம் மண்ணாக மாணிக்கம் மாமா வெளியே வந்தார். உயிரோடு! அப்போதுதான் அம்மா அழுதாள். தன் புருஷன் கிடைத்தபோது அழாதவள், ஓவென்று அழுதாள்.

மைன்ஸ் மூடியும் வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடிவதற்குள் பெங்களூர் ட்ரெயினைப் பிடிக்கிறார்கள். தரை குலுங்குவதில்லை. ஆனால் பயம் எங்கே போயிற்று? போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் மகள் நித்யாவின் ஆபீஸில் ஒரு வாரமாக ஆட்களை வேலையை விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கு என்ன மெயில் வருமோ என்று ஆளுக்கொரு மூலையில் தனியாகப் பயப்படுகிறார்களாம். அன்று எங்களுக்கு நிற்க ஒரு கேட்டாவது இருந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று மத்தியானம் அவள் போன் செய்தாள்.

“அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகலம்மா! வேலை இருக்கு!”

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “அப்ப சீக்கிரம் கிளம்பி வாடி, பாயசம் வெக்கிறேன்!”

“இல்லம்மா, லேட் ஆகும். டீம்ல ரெண்டு பேருக்கு இன்னும் மெயில் வரல. எல்லாரையும் கேன்டீனுக்கு இட்டுகினு வந்து உக்கார வெச்சிருக்கேன். அவங்களுக்கு வந்தப்புறம் கிளம்புறேன்.”

இந்தக் கதையை நான் அவளுக்கு ஒரு நாளும் சொன்னதில்லைங்க. சத்தியமாகச் சொன்னதில்லை.

வழக்கமான ட்ரெயினை விட்டுவிட்டாளாம். விடட்டும்!